கோடையைக் கடக்கும் கொல்லை

நுழையும்முன்

வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் காய்கறிகளையும் பூச்செடிகளையும் வளர்ப்பது தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மழைக்காலத்தில் எளிதாகத் தோன்றும் அவ்வழக்கம் கோடையில் ஒரு கேள்வியாக மாறிவிடுகிறது. மனிதர்க்கே நீர் போதாத நாளில் செடிக்கு நீர் ஏது? தோட்டத்தைக் கைவிடுவதா, குடிநீரைத் தோட்டத்திற்குச் செலவிடுவதா? இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை விளக்குகிறது இவ்வுரைநடைப் பகுதி.

படப்பை முதல் மாடி வரை

சங்க இலக்கியத்தில் 'படப்பை' என்னும் சொல் பயின்று வருகிறது. மனையையும் ஊரையும் ஒட்டி அமைந்த தோட்ட நிலத்தை அச்சொல் குறிக்கும். பிற்காலத்தில் கொல்லை, புழக்கடை, தோட்டம் எனப் பல பெயர்கள் வழங்கலாயின. கிணற்றடியில் வாழை, அதனருகே சேப்பங்கிழங்கு, வேலியில் அவரை, அடுக்களையின் பின்புறம் கறிவேப்பிலை, முற்றத்தில் துளசி, வாயிலருகே மல்லிகைப் பந்தல் என ஒவ்வொரு செடிக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது. அவ்விடங்கள் நீரின் வழியையொட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. குளித்த நீர் வாழைக்குச் சென்றது. பாத்திரம் கழுவிய நீர் சேம்புக்குச் சென்றது. செடிக்கென்று தனியாக நீர் இறைப்பது குறைவாகவே இருந்தது.

நகரங்கள் பெருகியபோது கொல்லை சுருங்கியது. அதன் இடத்தை மொட்டைமாடியும் வீட்டின் முன்புறத்துச் சிறு திண்டும் பிடித்தன. தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளிலும் தொட்டிகளிலும் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை ஆகியன வளர்கின்றன. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை, மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கி இம்முயற்சியை ஊக்குவித்து வருகிறது. ஆயினும், ஒரு மாற்றம் பலர் கவனத்திற்கு வராமலேயே நிகழ்ந்துவிட்டது. கொல்லைச் செடி பயன்படுத்திய நீரில் வளர்ந்தது. மாடிச்செடியோ குழாயில் வரும் புதுநீரில் வளர்கிறது. குளியலறை நீரும் அடுக்களை நீரும் குழாய் வழியே சாக்கடையைச் சேர்ந்துவிடுகின்றன.

இம்மாற்றத்தின் விளைவு கடும் வறட்சியில் வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னை மாநகருக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. தெருக்களில் குடங்கள் வரிசையாக நின்றன. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அத்தகைய நாளில், லாரியில் வந்த நீரைக் குடத்தில் பிடித்து மாடிக்குச் சுமந்துசென்று செடிக்கு ஊற்ற எவருக்கும் மனம் ஒப்பாது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த முருங்கையும் கறிவேப்பிலையும் கண்ணெதிரே கருகுவதைப் பார்த்திருக்கவும் மனம் ஒப்பாது. இந்த இருதலைச் சிக்கலைத் தீர்க்க வேண்டுமாயின், செடிக்கு ஊற்றும் நீர் எங்கே போகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நீர் செல்லும் இரு வழிகள்

தோட்டத்தில் விடப்படும் நீர் இரு வழிகளில் காற்றில் கலக்கிறது. முதலாவது, மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேரே ஆவியாதல். இரண்டாவது, செடியின் வேர் உறிஞ்சிய நீர் இலைகளின் வழியே ஆவியாக வெளியேறுதல். பின்னதை நீராவிப்போக்கு என்பர்.

இலையின் பரப்பில், பெரும்பாலும் அதன் அடிப்புறத்தில், இலைத்துளைகள் என்னும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. உணவு தயாரிக்கத் தேவையான கார்பன் டை ஆக்சைடு அவற்றின் வழியே உள்ளே வருகிறது. வாயில் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீரும் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் இவ்வாறு வெளியேறிவிடுகிறது. இதனை வீண் என்று கருதுதல் கூடாது. வியர்வை மனித உடலைக் குளிர்விப்பது போல, நீராவிப்போக்கு இலையைக் குளிர்விக்கிறது. வேரிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் மேலே இழுக்கிறது. நீர் மிகவும் குறையும்போது செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்போது நீர் மிச்சமாகிறது. ஆனால், உணவு தயாரிப்பும் நின்றுபோகிறது. கோடையில் பூக்கள் உதிர்வதற்கும் பிஞ்சுகள் வெம்புவதற்கும் இந்நிலை ஒரு காரணமாகும்.

ஆகவே, செடியின் வழியே செல்லும் நீர் செடிக்குப் பயன்பட்ட பின்னரே செல்கிறது. மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீரோ எவருக்கும் பயன்படாமல் போகிறது. தோட்டத்தைக் காக்க விரும்புவோர் தடுக்க வேண்டியது மண்ணிலிருந்து நேரே நிகழும் இந்த இழப்பையே.

இவ்விழப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடுங்கோடை நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆறு மில்லிமீட்டர் உயர நீர் ஆவியாவது இயல்பு. வெயிலில் கிடக்கும் வெற்றுமண், நீர் விட்ட உடனே ஏறத்தாழ அதே வேகத்தில் நீரை இழக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். நான்கு சதுர மீட்டர் பாத்தி ஒன்று நாள்தோறும் நனைக்கப்பட்டு வெயிலில் திறந்து கிடந்தால், அது ஒரு நாளில் 24 லிட்டர் வரை நீரைக் காற்றுக்குக் கொடுக்கக்கூடும். ஏறத்தாழ இரண்டு குடம் நீர் அது. அந்த இரண்டு குடமும் செடியின் வேரைத் தொடாமலேயே மறைந்துவிடும்.

மூடாக்கும் நிழலும்

வெயிலுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு போர்வை அமைப்பதே இழப்பைத் தடுக்கும் எளிய வழி. உழவர் இதனை மூடாக்கு என்பர். காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, தேங்காய் நார், நறுக்கிய வாழைமட்டை என எது கிடைத்தாலும் போதும். இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனத்தில் மண்ணின் மீது பரப்ப வேண்டும். தண்டை ஒட்டி இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். இல்லாவிடில் தண்டு அழுகக்கூடும். கறையான் மிகுந்த இடமாயின் சருகை அடிக்கடி கிளறிவிட்டுக் கண்காணித்தல் நன்று.

மூடாக்கு மூன்று வேலைகளைச் செய்கிறது. வெயில் மண்ணைச் சுடாமல் தடுக்கிறது. உலர்காற்று மண்ணின் ஈரத்தைக் கவர்ந்து செல்லாமல் தடுக்கிறது. களை முளைக்காமல் தடுக்கிறது. களையும் நீரைக் குடித்தே வளர்கிறது என்பதால் இம்மூன்றாவது வேலையும் நீர்ச் சேமிப்பே ஆகும். மழை வந்தபின் அச்சருகு மட்கி எருவாகிறது. மட்கு கலந்த மண், வெறும் மணலைவிட நீரை நெடுநேரம் பிடித்துவைக்கும். ஒரு கோடையில் இட்ட மூடாக்கு அடுத்த கோடைக்கு மண்ணை ஆயத்தம் செய்துவிடுகிறது. தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்தப்படும் சருகு, உண்மையில் தோட்டத்தின் செல்வம்.

மூடாக்குக்கு அடுத்தது நிழல். கோடையில் மேற்கு வெயிலே செடிகளை மிகுதியும் வாட்டுகிறது. மேற்குப் பக்கத்தில் ஒரு முருங்கையோ அகத்தியோ நின்றால் பிற்பகல் வெயிலின் கடுமை குறையும். பழைய வீடுகளில் புடலை, பீர்க்கு, பாகல் ஆகிய கொடிகளைப் பந்தலில் ஏற்றி, அப்பந்தலின் கீழ்க் கீரை விதைத்தனர். மேலே காய், கீழே கீரை; இடமும் நீரும் இரு முறை பயன்பட்டன. மாடியில் நிழல்வலை அப்பணியைச் செய்கிறது. வலை கிடைக்காத இடத்தில் தென்னங்கீற்றோ பழைய பருத்திப் புடவையோ போதுமானது.

மாடித்தோட்டத்திற்கு மற்றொரு துன்பமும் உண்டு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம், செடி வளரும் பையைக் கீழிருந்து சூடாக்குகிறது. வேர் வெந்துவிடாமல் இருக்கப் பைகளைச் செங்கல்லின் மீதோ மரச்சட்டத்தின் மீதோ வைக்க வேண்டும். தனித்தனியே நிற்கும் தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மீது விழும். கூட்டமாக நிற்கும் செடிகளுக்கு இடையே காற்றின் ஈரமும் சற்று நிலைத்திருக்கும்.

செடியிடம் கேட்டு நீர் விடுதல்

கோடையில் நண்பகலில் இலைகள் தொங்கிப்போவதைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோர் பலர். அது தேவையற்றது. நண்பகலில் வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் மிகுதி. அதனால் மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை துவளும். மாலையில் அது தானே நிமிர்ந்துவிடும். இதனைத் தற்காலிக வாடல் என்பர். காலையில் எழுந்து பார்க்கும்போதும் இலை துவண்டே இருந்தால், அச்செடிக்கு உடனே நீர் வேண்டும் என்பது பொருள். ஐயம் எழுந்தால் விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணில் செலுத்திப் பார்க்கலாம். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு நீர் வேண்டியதில்லை.

நீர் விடுவதற்கு ஏற்றது, கதிரவன் எழுமுன் உள்ள விடியற்பொழுது. அப்போது மண் குளிர்ந்திருக்கும். விட்ட நீர் ஆவியாகுமுன் வேரைச் சென்றடையும். அது இயலாதவர் மாலை வெயில் தணிந்தபின் விடலாம். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை வேரடி முழுவதும் நனையும்படி விடுவது பாத்திச் செடிகளுக்கு நல்லது. மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து நின்றுவிடும். ஒரு நாள் நீர் தவறினாலும் செடி வாடிவிடும். ஆழமாக நனைந்த மண்ணில் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். சிறிய பைகளிலும் தொட்டிகளிலும் மண் குறைவு என்பதால், அவற்றுக்குக் கடுங்கோடையில் நாள்தோறும் சிறிது நீர் தேவைப்படும்.

திருக்குறளின் உழவு அதிகாரம், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காத்தல் நல்லது என்று உரைக்கிறது. பரந்த வயலுக்குக் கூறப்பட்ட அக்கருத்து, ஒரு சிறு தொட்டிக்கும் பொருந்துகிறது. காத்தல் என்பது வேலியடைத்தலோடு முடிவதன்று. வெயிலிலிருந்து மண்ணைக் காத்தலும் அதனுள் அடங்கும்.

மண்பானை தரும் நீர்

நீரைச் சிறிதும் வீணாக்காமல் வேருக்குக் கொடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அது பானைப் பாசனம். மெருகு பூசாத, சுட்ட மண்பானையைக் கழுத்தளவுக்கு மண்ணில் புதைத்து, அதனுள் நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையைச் சுற்றி ஒரு சாண் தொலைவுக்குள் விதைகளை ஊன்ற வேண்டும். பானையின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். சுற்றியுள்ள மண் உலரும்போது நீரை அது விரைந்து இழுக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். எவ்வளவு நீர் வேண்டும் என்பதை மண்ணே முடிவு செய்கிறது. மேல்மண் உலர்ந்தே இருப்பதால் ஆவியாதலும் களையும் குறைகின்றன.

ஐந்து லிட்டர் பானை ஒன்று நான்கைந்து கொடிகளைத் தாங்கும். பூசணி, சுரை, பாகல், தக்காளி, கத்தரி ஆகியன இதற்கு ஏற்றவை. பைகளில் செடி வளர்ப்போர் சிறு கலயத்தைப் பையின் நடுவே புதைக்கலாம். பானைக்குள் தெளிந்த நீரையே ஊற்ற வேண்டும். கஞ்சிப்பசையும் வழலைக் கலப்பும் உள்ள நீர், துளைகளை அடைத்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

பானைப் பாசனம் மிகத் தொன்மையானது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்ஜி என்னும் சீன வேளாண் அறிஞரின் நூலில் இம்முறை கூறப்பட்டுள்ளது. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மைய உவர்நில ஆய்வு நிறுவனத்தில், 1970களில் இம்முறை குறித்து ஆய்வுகள் நடந்தன. குயவர் வனைந்த பானையே இதன் முழுக்கருவி. மின்சாரமோ குழாயோ தேவையில்லை.

கழுநீர் என்னும் செல்வம்

நீர் இழப்பைக் குறைத்த பின்னும் ஓரளவு நீர் தேவையே. அந்நீர் எங்கிருந்து வரும் என்பதே இறுதிக் கேள்வி. தமிழில் 'கழுநீர்' என்றொரு சொல் உண்டு. அரிசி களைந்த நீரை அது குறிக்கும். கழுநீரைக் கொட்டிவிடாமல் சேர்த்துவைப்பதற்கென்றே வீடுகளில் கழுநீர்ப்பானை இருந்தது. அது மாட்டுக்குத் தீவனமாயிற்று. ஒரு முறை பயன்பட்ட நீருக்குத் தனிப்பெயரும் தனிப்பானையும் வைத்திருந்த சமூகம், அந்நீரைக் கழிவாகக் கருதவில்லை என்பது தெளிவு.

இன்றைய வீடுகளிலும் இவ்வழக்கத்தை மீட்டெடுக்க இயலும். நான்கு பேர் வாழும் வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கழுவ நாளொன்றுக்கு 10 லிட்டர் நீர் செலவாகிறது எனவும், துணியை இறுதியாக அலசும் நீர் 15 லிட்டர் எனவும் கொள்வோம். மொத்தம் 25 லிட்டர். மூடாக்கில்லாத நான்கு சதுர மீட்டர் பாத்தி ஒரு நாளில் காற்றுக்குக் கொடுத்த நீரின் அளவும் ஏறத்தாழ இதுவே. மூடாக்கும் நிழலும் அவ்விழப்பைப் பாதியாகக் குறைத்தாலே, அச்சிறு தோட்டம் முழுவதும் ஒரு குடம் புதுநீரும் கேட்காமல் கோடையைக் கடந்துவிடும்.

எனினும், எல்லா நீரும் எல்லாச் செடிக்கும் ஏற்றதன்று. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கீரை உட்பட எல்லாச் செடிகளுக்கும் அச்சமின்றி விடலாம். வழலை கலந்த குளியல் நீரும் துணி அலசிய நீரும் வாழை, கல்வாழை, மரங்கள், பூச்செடிகள் ஆகியவற்றின் வேரடிக்கு மட்டுமே உரியவை. கீரைக்கும், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளுக்கும் அவற்றை விடலாகாது. துணி வெளுக்கும் பொடியும் கழிவறைத் தூய்மி மருந்தும் கலந்த நீரைத் தோட்டத்திற்குக் கொண்டுவரவே கூடாது. பயன்படுத்திய நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கிவைத்தால் நாற்றமெடுக்கும், கொசுவும் பெருகும்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுந்திருக்கும். அதை வேறு நீருடன் கலந்து, உப்பைத் தாங்கும் செடிகளுக்கு அவ்வப்போது விடலாம். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது. தொட்டிச் செடிகளுக்கு ஏற்றது. மண்ணின் மீது வெண்மையாக உப்புப் பூப்பதும், இலையின் நுனி கருகுவதும் உப்பு மிகுந்துவிட்டதன் அறிகுறிகள். அவை தென்பட்டால் சில நாள்கள் அந்நீரை நிறுத்திவிட வேண்டும்.

ஒரு குடம் நீரின் பின்னால் ஒருவரது உழைப்பு இருக்கிறது. தெருக்குழாயிலும் லாரியிலும் பிடித்த நீரை வீட்டுக்குச் சுமந்து வருவோர் பெரும்பாலும் பெண்களே. அந்நீரை ஒரு முறை மட்டும் பயன்படுத்திச் சாக்கடையில் விடுவது, சுமந்தவரின் உழைப்பில் பாதியைக் கொட்டிவிடுவதற்கு ஒப்பாகும். சமைக்கவும் குளிக்கவும் பயன்பட்டபின் அதே நீர் ஒரு முருங்கையைக் காக்குமாயின், தோட்டம் மனிதரின் பங்கைப் பறித்ததாகாது. மனிதருக்கு முதல் நீர். செடிக்கு இரண்டாம் நீர். இந்த வரிசை மாறாதவரை, வறட்சியிலும் தோட்டம் வைத்திருப்பது குற்றமாகாது.

எதைக் காப்பது? எதை விடுவது?

கோடைத் தோட்டத்தின் கடினமான பாடம் தேர்ந்தெடுத்தல். நீர் மிகக் குறையும்போது எல்லாச் செடிகளையும் காக்க முயல்வோர் எல்லாவற்றையும் இழப்பர். மீண்டும் வளர்க்க ஆண்டுகள் ஆகும் செடிகளுக்கே முதலிடம் தர வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை, இளமரங்கள் ஆகியன அவ்வகையின. காய்த்துக்கொண்டிருக்கும் கத்தரியும் வெண்டையும் அடுத்த இடம் பெறும். சில வாரங்களில் மீண்டும் விதைத்துக்கொள்ளக் கூடியவை கடைசி இடம் பெறும். அழகுக்காக வளர்க்கும் புல்தரைக்குக் கடுங்கோடையில் இடமே இல்லை. அது மஞ்சளித்துக் கிடந்தாலும், மழையில் பெரும்பாலும் மீண்டும் தழைத்துவிடும்.

கோடையை விரும்பும் செடிகளும் உள்ளன. வெண்டையும் கொத்தவரையும் வெப்பத்தைத் தாங்கும். தண்டுக்கீரை, வெப்பத்திலும் குறைந்த நீரில் மிகுதியாக உணவு தயாரிக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. முருங்கை வறட்சியைப் பொறுக்கும். பருப்புக்கீரை தன் சதைப்பற்றான தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்துவைக்கும். பூச்செடிகளில் நித்தியகல்யாணி, காகிதப்பூ, அரளி ஆகியன சிறிதளவு நீரிலேயே மலரும். அரளி நச்சுத்தன்மை உடையது என்பதால் குழந்தைகளும் கால்நடைகளும் நெருங்காத இடத்தில் அது இருத்தல் வேண்டும்.

மல்லிகை, வெயிலில் சிறக்கும் செடி. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உட்பட, குண்டுமல்லி வகை பங்குனி முதல் ஆடி வரையிலான வெயில் நாள்களிலேயே மிகுதியாகப் பூக்கிறது. மழைக்காலத்தின் இறுதியில் கவாத்து செய்து எருவிட்ட செடி, கோடையில் வேரடி ஈரம் மட்டும் இருந்தால் பூத்துக் குலுங்கும். தக்காளி இதற்கு மாறானது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அதன் மகரந்தம் வலுவிழக்கிறது; பூக்கள் காயாகாமல் உதிர்கின்றன. அப்போது எவ்வளவு நீர் விட்டாலும் பயன் சிறிதே. சித்திரை வெயிலில் தக்காளி நாற்று நடுவதைவிட, வெண்டை ஊன்றுவது அறிவுடைமை.

காக்க இயலாத செடியைக் கைவிடுமுன் அதன் விதையைக் காக்கலாம். அவரை, வெண்டை, கத்தரி, சுரை ஆகியவற்றின் முற்றிய காயொன்றைப் பறிக்காமல் விட்டு, விதையெடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ கலந்து மண்கலயத்தில் மூடிவைப்பது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். செடி மடிந்தாலும் தோட்டம் மடியாமல் இருந்தது அவ்வழக்கத்தால்.

தோட்டத்தின் ஓரத்தில் ஓர் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்தலும் கோடைக் கடமைகளுள் ஒன்று. தேனீயும் தேன்சிட்டும் அங்கு வந்து நீர் அருந்தும். சுரையும் பூசணியும் காய்ப்பதற்குத் தேனீயின் வருகை இன்றியமையாதது. சட்டி நீரை நாள்தோறும் மாற்றினால் கொசு பெருகாது.

மழைக்குக் காத்திருத்தல்

தமிழ்நாடு ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிப் பெய்துவிடுகிறது. சில வாரங்களில் பெய்யும் நீரைப் பல மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய நிலம் இது. ஏரியும் குளமும் ஊருக்குச் செய்யும் பணியை, மழைநீர் சேகரிப்பு அமைப்பு வீட்டுக்குச் செய்கிறது. 2003ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் கோடைமழை பெய்தால் விழும் நீர் ஆயிரம் லிட்டர். அதில் ஒரு பகுதியைப் பீப்பாயில் பிடித்துவைத்தால், ஒரு சிறு தோட்டம் பல நாள்கள் பிழைத்திருக்கும். அடைபட்ட குழாயும் தூர்வாராத தொட்டியும் இருந்தால், சட்டம் இருந்தும் நீர் தெருவிலேயே ஓடும்.

அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில், மே மாதத் தொடக்கத்தில் தோன்றி ஏறத்தாழ 25 நாள்கள் நீடிக்கும். அந்நாள்களில் தோட்டத்தில் புது நாற்று நடுவதோ மிகுதியாக உரமிடுவதோ வேண்டா. மூடாக்கைச் சரிசெய்து, இரண்டாம் நீரை வேரடியில் விட்டு, பொறுமையாகக் காத்திருத்தலே அப்போதைய வேலை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது முதுமொழி. ஆடியில் விதைப்பதற்கு ஈரம் காத்த மண்ணும், கலயத்தில் விதையும், கோடையைக் கடந்து நிற்கும் நான்கு செடிகளும் ஒரு வீட்டில் இருந்தால், அத்தோட்டம் கோடையை வென்றது எனலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அரிசியும் காய்கறியும் கழுவப் பயன்படும் நீரை ஏழு நாள்கள் அளந்து அட்டவணைப்படுத்துக. அந்நீரைக் கொண்டு எத்தனை செடிகளைக் காக்கலாம் எனக் கணக்கிட்டு வகுப்பில் எடுத்துரைக்க.

2. ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் ஒரே வகைச் செடியை வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் மூடாக்கு இடுக. இரண்டுக்கும் சம அளவு நீர் விட்டு, மண்ணின் ஈரம் எத்தனை நாள் நிலைக்கிறது என ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுக.

3. உங்கள் ஊரில் முதியோரிடம் உரையாடி, முற்காலத்தில் கொல்லையில் வளர்த்த செடிகள், அவற்றுக்கு நீர் சென்ற வழி, விதை காத்த முறை ஆகியவற்றைத் தொகுக்க.

4. "நீர்ப் பஞ்சக் காலத்தில் பூச்செடி வளர்ப்பது தேவையா?" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.